மாசி வீதிகளை நடந்தே சுற்றலாமா? மதுரையில் ஒரு பகல், கூடவே கடைவீதி

திருச்சிக்காரி, 2025 ஜனவரி 5

தை மாதம் ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவும் மதுரைக்கு வருகிறோம். காலை ரயிலில் இறங்கி இரவு ரயிலில் திரும்ப வேண்டும். டிராவல்ஸ்காரர் ஒருவரிடம் பேசினேன். "மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், காந்தி மியூசியம், அழகர்கோயில் எல்லாம் காரில் காட்டிவிடுகிறேன், கடைக்கு ஒரு மணி நேரம் விடுகிறேன். ஊருக்குள் நடந்து பார்க்க ஒன்றும் இல்லை, நெரிசல்தான்" என்கிறார். உண்மையா? அம்மாவுக்கு அறுபத்துநாலு வயது, நன்றாக நடப்பார். சுங்குடிப் புடவை வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 5, இரவு

கார் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாசி வீதிகளில் கார் நுழைந்தாலும் நிறுத்த இடம் கிடைக்காது. சித்திரை வீதிகளுக்குள் வண்டியே விடுவதில்லை. எப்படியும் எங்காவது இறக்கிவிட்டு "நடந்து போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். அதற்கு ஸ்டேஷனிலிருந்தே நடக்கலாம். வாசலில் மேல வெளி வீதியைத் தாண்டி டவுன் ஹால் ரோட்டில் நேர் கிழக்கே போனால் கோயில் பக்கம் வந்துவிடுவீர்கள். ஒன்றரைக் கிலோமீட்டர்கூட வராது.

"கடைக்கு ஒரு மணி நேரம்" என்கிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஊரில் பார்ப்பதையும் வாங்குவதையும் பிரிக்கவே முடியாது. பழைய அரண்மனையில் மிஞ்சிய பத்துத் தூணைப் பார்க்க வேண்டுமென்றால் துணிக்கடைகளுக்கு நடுவே புகுந்துதான் போக வேண்டும். காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டில் இன்று கதர்க் கடை நடக்கிறது. சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட சௌராஷ்டிரக் குடும்பங்கள் குடியேறியதே மகாலைச் சுற்றித்தான். கடைவீதியை ஒதுக்கிவிட்டு மதுரையைப் பார்த்தால் நாலு கோபுரமும் ஒரு மகாலும்தான் நினைவில் நிற்கும்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 5, படுக்கப் போகும் முன்

வழி தெரியாதவர்களுக்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரை சதுரத்துக்குள் சதுரமாகப் போட்ட ஊர். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே ஒட்டியபடி சித்திரை வீதி. அதற்கு அடுத்த சுற்று ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொரு சுற்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு. இந்த ஐந்து சுற்றுகளை மனதில் வைத்துக்கொண்டால் எந்தச் சந்தில் மாட்டினாலும் வெளியே வந்துவிடலாம். போன் வரைபடத்தைப் பார்ப்பதைவிட, நிற்கும் இடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக் கோபுரம் எந்தப் பக்கம் என்று பாருங்கள், போதும்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 6

வெளி வீதிகளையும் நாயக்கர் போட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அங்கே இருந்தது கோட்டைச் சுவரும் அகழியும். ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவை வெளி வீதிகள். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரெட் பெயரிலும், பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றைக்கும் வீதிகள் இருக்கின்றன. நீங்கள் ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியைத் தாண்டித்தான் வருவீர்கள். பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊர்க்காரர்கள் நட்ட விளக்குத்தான் விளக்குத்தூண். தெற்கு மாசி வீதி கீழ மாசி வீதியைத் தொடும் முனைப் பக்கம் நிற்கிறது. தீபாவளி ஷாப்பிங் என்றால் மதுரைக்காரன் வாயில் முதலில் வரும் இடமும் அதுதான்.

கோட்டையில் ஒரு துண்டு பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மேலவாசலில் மிஞ்சியிருக்கிறது. கருங்கல் கொத்தளம். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 6, மாலை

நான் எங்கள் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களை அழைத்துப் போகும் வழி இது. காலையில் கோயில் என்று ஆரம்பிக்காதீர்கள். பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் போய், வரிசையில் நின்று, அவசர அவசரமாக வெளியே வந்து, உச்சி வெயிலில் கடைவீதியில் நிற்பது அம்மாவுக்குச் சரிப்படாது.

அதற்குப் பதில் மேல மாசி வீதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே இம்மையிலும் நன்மை தருவார் கோயில். சிவனே சிவலிங்கத்தைப் பூசை செய்யும் கோலம், நாம் லிங்கத்தின் பின்பக்கத்தைப் பார்த்து நிற்கிறோம். கூட்டம் குறைவு, அம்மாவுக்கு நிம்மதியான தரிசனம் கிடைக்கும். அருகில் மதனகோபால சுவாமி கோயில். அடுத்து கதர்க் கடை. அப்படியே தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண், பத்துத் தூண், மகால். மதியச் சாப்பாடு. பிறகு கீழ மாசி வீதி வழியாக வடக்கே ஏறி, தேர் நிற்கும் தேர்முட்டி, ராய கோபுரம், புது மண்டபம். நாலரைக்குக் கோயிலுக்குள். வெளியே வரும்போது வெயில் இறங்கியிருக்கும், சித்திரை வீதியில் கல் சூடு தணிந்திருக்கும்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 7

மதனகோபால சுவாமி கோயிலில் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு: அங்கே என்ன இல்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்தக் கோயில் மண்டபத்தின் தூண்கள் இப்போது அமெரிக்காவில் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. 1912-ல் மதுரைக்கு வந்த ஒரு பிலடெல்பியாப் பெண்மணி, பிரித்துப் போட்டுக் கிடந்த கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். 1919-ல் அவர் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மதுரையில் கடைவீதிக்கு வந்தவர்கள் வாங்கிப்போனதிலேயே பெரிய பொருள் அதுவாகத்தான் இருக்கும்!

இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சிறிய கோயில் வாசலில் நிற்கும்போது எனக்கு மனசு கனக்கும். அங்கே அவற்றை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மேல மாசி வீதியில் நின்றிருக்க வேண்டிய தூண்கள் அவை.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

கதர்க் கடையைப் பற்றி. 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி மேலாடையையும் நீண்ட வேட்டியையும் விட்டு அரை வேட்டிக்கு மாறியது இந்த வீட்டு மாடியில். அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன்னால் நின்ற இடம் காமராசர் சாலையில் இருக்கிறது, காந்தி பொட்டல் என்பார்கள். காந்தி மியூசியத்துக்குப் போக நேரமில்லையே என்று வருந்துகிறவர்கள் இந்த மாடியை ஏறிப் பார்க்கலாம். கீழே வரும்போது ஒரு துண்டோ கைக்குட்டையோ வாங்குங்கள். என் அப்பா வேட்டி எடுத்தால் இங்கேதான் எடுப்பார். வேறு கடைத் துணியைத் தொட்டுப் பார்த்து "இதில் காற்று போகாது" என்று வைத்துவிடுவார்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 9

சுங்குடி பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மதுரை சுங்குடி பருத்திப் புடவை. புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது. பழைய முறை என்னவென்றால், துணியை மடித்து, புள்ளி வர வேண்டிய இடங்களைக் குறித்து, ஒவ்வொரு இடத்தையும் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து நாள்கணக்காகக் கட்டும் வேலை அது. பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் புள்ளி. எங்கள் தெருவுக்குப் பின்னால் திண்ணையில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, கண் துணியில் பதியாமலேயே விரல் தானாகக் கட்டிக்கொண்டு போகும் பெண்களைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

இன்று கடையில் "சுங்குடி" என்று அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சு வைத்துச் சாயம் போட்டவை, அல்லது வெறும் பிரிண்ட். அவையும் நல்ல புடவைகள்தாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கோடைக்கு உடம்புக்கு இதம். அச்சு என்று சொல்லி அச்சு விலைக்கு விற்றால் யாருக்கும் குறையில்லை. கையால் கட்டியது ஆயிரங்களில் போகும்.

என் அக்காவுக்கு ஒரு கடையில் அச்சுப் புடவையைக் கைமுடிச்சு என்று சொல்லி, கைமுடிச்சு விலை வாங்கிவிட்டார்கள். கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார்கள். ஒன்றில்லை. ஒரு பெண்ணின் விரல் வேலைக்குப் போக வேண்டிய பணம் அது. இதில் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை.

பார்த்து வாங்கச் சில வழிகள். கைமுடிச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இராது. சில சதுரமாக இழுத்துக்கொண்டிருக்கும், சிலவற்றின் நடுவில் சாயம் பொட்டாக ஏறியிருக்கும். அச்சில் எல்லாம் ஒரே மாதிரி. கைமுடிச்சில் கட்டிய இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடாக நிற்கும், விரலால் தடவினால் தெரியும். புடவையைத் திருப்பிப் பாருங்கள். பிரிண்டில் பின்பக்கம் வெளிறியிருக்கும். முக்கிச் சாயம் போட்டதில் இரண்டு பக்கமும் நிறம் ஒன்றாக இருக்கும். ஆனால் மெழுகு அச்சும் முக்கி எடுப்பதுதான், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் புள்ளியையும் பாருங்கள். கடைசியாக நேராகவே கேளுங்கள்: "கையால கட்டினதா, அச்சா?" கடைக்காரர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதி விடை இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் முதல் அலசலைத் தனியாகக் கல் உப்புத் தண்ணீரில் செய்யச் சொல்லுங்கள். வெயிலில் நேராகக் காயப்போட வேண்டாம்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 9, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சுங்குடியைப் பத்துத் தூண் பக்கமோ, தெற்கு மாசி வீதியிலோ, மகாலைச் சுற்றிய தெருக்களிலோ பாருங்கள். முதல் கடையிலேயே வாங்காதீர்கள். முதல் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மகாலைப் பார்த்துவிட்டு வரும்போது வாங்குங்கள். அதற்குள் அம்மா மனதில் ஒரு நிறம் உட்கார்ந்திருக்கும். மதுரைப் பெண்கள் புடவை எடுக்கும் முறையே இதுதான். ஒரு சுற்றுப் பார்ப்பதற்கு, மறு சுற்று எடுப்பதற்கு.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 11

பத்துத் தூண் எங்கே, கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆச்சரியமில்லை. விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் நவபத்கானா தெருப் பகுதியில், துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் நிற்கின்றன. "பத்துத் தூண் சந்து எங்கண்ணே?" என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். போய் நின்ற பிறகும் கண்ணுக்குத் தெரிவது நைட்டியும் உள்பாவாடையும் தொங்கும் கடைகள்தான். நிமிர்ந்து பார்த்தால் கருங்கல் தூண்கள் மூன்று மாடி உயரத்துக்குப் போகும். கூரை இல்லை. திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதி இதுவரை நீண்டிருந்தது என்பதற்கு அந்தத் தூண்களே சாட்சி.

மகாலுக்குள் போவதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மகாலில் இப்போது நாம் பார்ப்பது முழு அரண்மனை இல்லை, கால்வாசிதான். நாயக்கர் 1636-ல் கட்டியது. அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பிரித்துக் கொண்டுபோனது ஏராளம். திருச்சிக்காரர்களான உங்களிடம் அதைத் திருப்பிக் கேட்போமோ என்று பயப்பட வேண்டாம், அம்மாவோடு தைரியமாக வாருங்கள். மிச்சமும் விழுந்துவிடும் என்ற நிலையில் சென்னை கவர்னர் நேப்பியர் 1866 முதல் 1872 வரை பழுதுபார்த்தார். 1970 வரை ஜில்லாக் கோர்ட் அதற்குள்தான் நடந்தது. என் தாத்தா ஒரு வரப்புத் தகராறுக்கு அந்தத் தூண்களுக்கு அடியில் வாய்தாவுக்குக் காத்திருந்த கதையை எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள்.

பத்துத் தூணிலிருந்து மகால் வாசல் வரை நடக்கும்போது, நடுவிலுள்ள வீடும் கடையும் எல்லாம் அரண்மனை இருந்த நிலம் என்று நினைத்துக்கொண்டு நடங்கள். அதன் பரப்பு அப்போதுதான் காலுக்குத் தெரியும். காரில் போய் வாசலில் இறங்கினால் தெரியாது.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 11

சாப்பாடு பற்றிக் கேள்விகள் குவிகின்றன. சுருக்கமாக. ஜிகர்தண்டா விளக்குத்தூண் பக்கம். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். மகாலிலிருந்து வெளியே வந்த பிறகு குடியுங்கள், முன்னால் குடித்தால் நடை தளரும். அல்வாவை ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது வாங்குங்கள், சூடாக வாழை இலையில் தருவார்கள், சுமக்கவும் வேண்டாம். பருத்திப்பால் மாலையில் தள்ளுவண்டியில் வரும். சுக்கும் கருப்பட்டியும் போட்டது, தை மாதக் குளிருக்கு நல்லது. கறி தோசை சாப்பிடுகிறவர்கள் சிம்மக்கல் பக்கம் இரவில் போகலாம், உங்களுக்கு ரயிலுக்கு நேரம் இருந்தால்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 12

தேதி பற்றி மறுபடி யோசித்தேன். நீங்கள் தை மாதம் என்றது நல்லதாயிற்று. மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கோயிலை நிறைத்துவிடும், மகரவிளக்கு முடிந்தால்தான் வடியும். ஆகவே பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமையை விட்டுவிட்டு அதற்கடுத்த வாரங்களில் ஒன்றைப் பாருங்கள். தைப்பூசத்தை ஒட்டி வந்தால் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா. அது கோயிலிலிருந்து கிழக்கே தள்ளி இருக்கிறது, அம்மாவை நடத்த வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளத்தைத்தான் நாயக்கர் தெப்பக்குளம் ஆக்கினார் என்பார்கள். கோயிலுக்குள் முக்குறுணி விநாயகரைப் பார்ப்பீர்களே, அவர் அந்தப் பள்ளத்தில் கிடைத்தவர். விநாயகர் சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை அவருக்கு.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். இன்று மல்லிகை விலையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பனிக்காலத்தில் பூ வராது, அதோடு பண்டிகையும் முகூர்த்தமும் சேர்ந்தால் கிலோ ஆயிரங்களில் ஏறிவிடும். பங்குனி, சித்திரையில் வாருங்கள், அள்ளிக் கொடுப்பார்கள். தையில் ஒரு முழத்துக்கே யோசிக்க வேண்டும். ஆனாலும் அம்மாவுக்கு ஒரு முழமாவது வாங்கிக் கொடுங்கள். மதியத்துக்கு மேல் மொட்டாக வாங்கினால் கோயிலுக்குள் நிற்கும்போது மலரத் தொடங்கும். ரயிலுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் வாழை இலையில் கட்டித் தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம், புழுங்கிப் பழுப்பாகிவிடும்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 16

புது மண்டபத்தைப் பற்றி ஒருவர் "அங்கே இப்போது கடை இல்லையே, எதற்குப் போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

எனக்குத் தெரிந்த புது மண்டபம் கடைகளால் நிறைந்தது. நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம், 124 தூண்கள். தூணுக்குத் தூண் தையல் மெஷின். பள்ளி திறக்கும் முன்பு துணியை எடுத்துக்கொண்டு என் அம்மா எங்களை அங்கே அழைத்துப்போவார். அளவெடுக்கும் தையல்காரருக்குப் பின்னால் கல்லில் ஒரு நாயக்க அரசர் கை கூப்பி நிற்பார். பக்கத்தில் வளையல் கடை, பித்தளைப் பாத்திரக் கடை, பழைய பாடப் புத்தகம், பக்திப் புத்தகம், ரிப்பன், குஞ்சலம். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுகிறவர்கள் உடையும், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையும் அங்கேதான் வாங்குவார்கள்.

கடைகளை அருகே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியது சரியா? இதில் நான் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் ஒயரும் ஏறிய தூண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படியே விட்டிருக்க முடியாது. 2018 பிப்ரவரியில் கோயிலுக்குள்ளேயே கடைகள் இருந்த வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடித்து எரிந்ததைப் பார்த்த பிறகு, கல் மண்டபத்துக்குள் துணிக்கடை இருக்கலாம் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கடைக்காரர்கள் சொல்வதும் நியாயம். மண்டபத்தின் நடுவே நடந்து போகிறவர் கண்ணில் தானாகப் பட்ட கடை வேறு, தேடி மாடி ஏறி வர வேண்டிய கடை வேறு.

ஆகவே இரண்டையும் பாருங்கள். மண்டபத்தின் சிற்பங்களை, குறிப்பாகக் கல் யானை கரும்பு தின்னும் சிற்பத்தைக் கண்ணுக்கு எட்டும் அளவுக்குப் பாருங்கள். பிறகு சத்திரத்துக்குள் போய் எதையாவது வாங்குங்கள், ஒரு டஜன் வளையலாவது. ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்கு உங்களுக்கு ஒரு பகல் போதாது, ஆனால் தலையணை உறை, பை மாதிரி எளிய வேலை என்றால் கேட்டுப் பாருங்கள், கோயிலுக்குப் போய் வருவதற்குள் முடித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொழில் நின்றால்தான் அந்த மண்டபத்தின் கதை முழுசாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 17

கோயிலுக்குள் போகும் முன் கவனிக்க வேண்டியவை. செல்போன் உள்ளே கூடாது, வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். இருவர் போனையும் ஒரே பையில் போட்டுக் கொடுங்கள். செருப்பை எந்தக் கோபுர வாசலில் விடுகிறீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர வேண்டும், இதை அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவையுங்கள். நாலு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். கிழக்கில் செருப்பை விட்டு மேற்கில் வெளியே வந்தவர்கள் கொதிக்கும் கல்லில் பாதிச் சுற்று நடப்பதைப் பகலில் எந்நேரமும் பார்க்கலாம். புடவைப் பைகளோடு உள்ளே போகாதீர்கள், வாங்கிய கடையிலேயே "கோயிலுக்குப் போய்ட்டு வந்து எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் வைத்துக்கொள்வார்கள். மதுரைக் கடைக்காரர்களுக்கு இது பழகிய விஷயம்.

உள்ளே ஆயிரங்கால் மண்டபத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். தூண்கள் 985 என்று கணக்கு, மிச்சத்தைத் தேட வேண்டாம். தெற்குக் கோபுரம்தான் எல்லாவற்றிலும் உயரம், சுமார் 170 அடி. அதைப் பொற்றாமரைக் குளத்தின் வடகரைப் படியில் உட்கார்ந்து பாருங்கள். அம்மாவும் கால் நீட்டிக்கொள்ளலாம்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 19

நகை பற்றிக் கேட்டவருக்கு: தெற்கு ஆவணி மூல வீதி முழுக்க நகைக்கடைகள்தான். ஒரு பகலில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நகை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு போங்கள். கீழ மாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள், மிளகாயும் மல்லியும் மூக்கில் ஏறும். என் அப்பா அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதினார், சட்டையில் எப்போதும் சீரக வாசம். உங்களுக்குச் சனிக்கிழமை என்பதால் திறந்திருக்கும், ஞாயிறு என்றால் மொத்தக் கடைகள் பல அடைத்திருக்கும். வழியில் தேர்முட்டியைப் பாருங்கள். சித்திரைத் தேரோட்டம் மாசி வீதிகளில்தான். மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் ஓடும் வீதி மட்டும் மாறவில்லை. முனைகளில் வடம்போக்கித் தெரு என்று சின்னச் சந்துகள் இருப்பதைப் பார்ப்பீர்கள், தேர் திரும்பும்போது வடத்தை உள்ளே விட்டு இழுப்பதற்காக விட்டவை.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 20

காஜிமார் பெரிய பள்ளிவாசலையும் கூடலழகர் கோயிலையும் விட்டுவிட்டேன் என்று இரண்டு பேர் குறைப்பட்டிருக்கிறார்கள். இரண்டும் பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். பார்க்க வேண்டிய இடங்கள்தாம். ஆனால் ஒரே பகலில் அம்மாவோடு நடக்கிறவர்களுக்கு நான் வழி சொல்கிறேன். எதையாவது விட்டாக வேண்டும். காலையில் சீக்கிரம் இறங்கினால் மட்டும், டவுன் ஹால் ரோட்டுக்குப் போகாமல் முதலில் தெற்கே கூடலழகருக்குப் போய்விட்டு மேல மாசி வீதிக்கு வாருங்கள். பள்ளிவாசல் வாசல் வழியே போய்விடலாம். அப்படி வந்தால் கோட்டைத் துண்டும் வழியிலேயே வரும்.

தெற்குமாசிக்காரன், ஜனவரி 22

ரயில் இரவு பதினொன்றுக்கு மேல் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். அப்படியானால் வழி மாறுகிறது. மாலை தரிசனத்தை ஆறு மணிக்குத் தள்ளிவையுங்கள், மதியம் எங்காவது அறை எடுத்து அம்மா இரண்டு மணி நேரம் படுக்கட்டும். மகால் ஐந்து மணியோடு மூடிவிடும் என்பதால் அதை மட்டும் மதியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இரவு பள்ளியறை பூசை வரை இருங்கள், சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருள்வார். முடிந்து மேலக் கோபுர வாசல் வழியே வெளியே வந்தால் ஸ்டேஷன் பக்கம். ஆகவே செருப்பையும் போனையும் மேல வாசலிலேயே விடுங்கள், கிழக்கில் வேண்டாம். புடவையை ஒன்பது மணிக்குள் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதனால் அதைக் கோயிலுக்குப் போகும் முன்பே வாங்கி அறையில் வைத்துவிடுவது நல்லது. அல்வாக் கடை அந்நேரம் திறந்திருக்குமா என்பதை மட்டும் மாலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.